நெரிசலைச் சொல்லும் வழிகாட்டி: எதை வாங்குவது?

கார் வழிகாட்டிக் கருவிகளைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 2014ஆம் ஆண்டுக் கார் வைத்திருக்கிறேன். சிஓஇ என்ற கார் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தாகிவிட்டது, ரேடியோ மட்டும் பழசு. தினமும் காலை ஏழு மணிக்கு ஈசூனிலிருந்து துவாசுக்குக் கிளம்ப வேண்டும். கைபேசியைப் பார்த்து ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? 'லைவ் டிராஃபிக்' என்று போட்டிருக்கும் எதை வாங்கினாலும் போதுமா? (வாசகர், ஈசூன்)

பதில்: போதாது. பெட்டியில் 'லைவ் டிராஃபிக்' என்று அச்சிட்டிருந்தால், அந்தத் தகவல் கருவிக்குள் எப்படி வந்து சேருகிறது என்று முதலில் கேளுங்கள். விலையையும் திரையின் அகலத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கருவிகளுக்கு அது எஃப்எம் வானொலி வழியாக வந்தது. டிஎம்சி என்று அதற்குப் பெயர். பாட்டு ஒலிபரப்பாகும் அதே அலைவரிசையில் ஆர்டிஎஸ் என்ற சிறிய தரவுப் பாதை ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வினாடிக்கு 1,187.5 பிட் மட்டுமே அதில் போகும் என்பதால் இடத்துக்கு ஓர் எண், நிகழ்வுக்கு ஓர் எண் என்று குறியீடாகத்தான் அனுப்புவார்கள். எண் கொடுக்கப்பட்ட பெரிய சாலைகளைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. கார்மின் கருவிகள் சிலவற்றில் இந்தத் தகவலை வாங்கும் ஏற்பி சார்ஜ் கம்பியிலேயே இருக்கிறது. வேறு கம்பியை மாட்டினால் நெரிசல் தகவல் நின்றுவிடும். ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த ஏற்பியை இங்கே கொண்டுவந்து மாட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது வகையில் கருவி புளூடூத் மூலம் உங்கள் கைபேசியோடு இணைந்து, அதன் இணையத்தைப் பயன்படுத்தித் தகவலை எடுத்துக்கொள்ளும். இன்று கடையில் பார்க்கும் தனிக்கருவிகளில் பல இப்படித்தான். தயாரிப்பாளரின் செயலி கைபேசியில் இருக்க வேண்டும், அது பின்னணியில் ஓட அனுமதி கொடுத்திருக்க வேண்டும். மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று கைபேசி அந்தச் செயலியை நிறுத்திவிட்டால், சாலையெல்லாம் வெறிச்சோடிக் கிடப்பதுபோலத் திரை காட்டும். ஆக, கைபேசி வேண்டாம் என்று வாங்கும் கருவிக்கும் கைபேசி வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வகையில் கருவிக்குள்ளேயே சிம் இருக்கும். வசதிதான். ஆனால் வாங்கும்போது சேர்த்துத் தரும் சந்தாக் காலம் முடிந்ததும் எவ்வளவு கட்ட வேண்டும், சிங்கப்பூரில் சேவை உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கருவி என்றால் இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரில் 2ஜி 2017இலும் 3ஜி 2024இலும் மூடப்பட்டுவிட்டன. அந்தக் காலத்து சிம் பொருத்திய கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நெரிசல் தகவல் அதற்கு இனி வரவே வராது.

தகவல் எங்கே பிறக்கிறது என்பதையும் பாருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் விரைவுச்சாலைகளை ஈமாஸ் என்ற கண்காணிப்பு அமைப்பின் கேமராக்கள் மூலம் கண்காணிக்கிறது. விபத்து, பழுதாகி நின்ற வாகனம், சாலைப் பணி ஆகிய விவரங்களை டேட்டாமால் என்ற திறந்த தரவுத் தளத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு முறையும், சாலைகளின் வேகத்தை 5 நிமிடத்துக்கு ஒரு முறையும் புதுப்பிக்கிறது. கூகல் மேப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் கைபேசிகளின் நகர்வைக் கணக்கிடுகிறது. 2013இல் கூகல் வாங்கிய வேஸ், ஓட்டுநர்கள் தட்டித் தெரிவிப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. பிஐஇ விரைவுச்சாலையில் காலை நேரத்தில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் நகர்வதால் அங்கே கணக்கு நன்றாக இருக்கும். இரவு பதினோரு மணிக்குத் துவாசின் தொழிற்பேட்டை உட்சாலையில் கணக்கிடப் போதிய வாகனம் இருக்காது. அங்கே திரை காட்டும் பச்சை நிறத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

இனி உங்கள் பாதைக்கு வருவோம். ஈசூனிலிருந்து எஸ்எல்இ விரைவுச்சாலையில் ஏறி பிகேஇ விரைவுச்சாலைக்குள் வருகிறீர்கள். அங்கே கேஜேஇ-க்குத் திரும்பலாம், அல்லது நேராகப் போய் பிஐஇ-யைப் பிடிக்கலாம். நீங்கள் முடிவெடுக்கும் பெரிய இடம் அது ஒன்றுதான். கேஜேஇ பிரிவைக் கடந்த பிறகு 'முன்னால் விபத்து' என்று எந்தக் கருவி சொன்னாலும் உங்களுக்குப் பெரிய உதவியில்லை. ஆகவே வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஐந்து வேலை நாள் காலைகளில், கிளம்பும் நேரத்தில் இரண்டு செயலிகளில் துவாஸ் சேரும் நேரத்தைப் படம்பிடித்து வையுங்கள். உண்மையில் எப்போது சேர்ந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எது உங்கள் பாதையில் நெருங்கி வருகிறதோ, அந்தச் செயலியைக் காட்டக்கூடிய திரையை வாங்குங்கள்.

எங்கள் கருத்து இதுதான்: தினமும் ஒரே பாதையில் போகிற சிங்கப்பூர் ஓட்டுநருக்குத் தனிக்கருவியைவிட, கைபேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் ஓடும், ரேடியோ இருந்த இடத்தில் பொருத்தும் பிளேயரே ஏற்றது. கைபேசி பையில் இருக்கும், வரைபடம் டேஷ்போர்டில் தெரியும். உங்கள் ரேடியோ இருக்கும் பள்ளத்தை அளந்து பாருங்கள். டபுள் டின் என்ற அளவு என்றால் 180க்கு 100 மில்லிமீட்டர், சிங்கிள் டின் என்றால் உயரம் 50. டொயோட்டா கார்கள் பலவற்றில் அகலம் 200 இருக்கும். பக்கவாட்டில் இடைவெளியை மூடும் சட்டம் தேவைப்படும். காரின் வயரிங்கில் கைவைக்க மனமில்லை என்றால் டேஷ்போர்டில் ஒட்டும் தனித்திரைகள் உண்டு. அவற்றின் ஒலியை ஏயூஎக்ஸ் கம்பி வழியாக எடுங்கள். எஃப்எம் வழியாக அனுப்பினால் வானொலி நிலையங்கள் நெருக்கமாக உள்ள இந்த ஊரில் இரைச்சல் தவிர்க்க முடியாதது.

கம்பியில்லாமல் இணைப்பதைவிடக் கம்பியில் இணைப்பது உறுதியாக வேலை செய்யும். இணையவில்லை என்று கடைக்குத் திரும்பக் கொண்டுவருகிற பிளேயர்களில் பல நேரம் கோளாறு கம்பியில்தான் இருக்கும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பிக்குள் தரவு இழைகள் கிடையாது. கைபேசி சார்ஜ் ஆகும், கார்பிளே வராது. பிளேயரைக் கழற்றும் முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: இணையக் கடையில் ஏழு அங்குல ஜிபிஎஸ், 'ஆயுள்காலத்துக்கும் இலவச வரைபடம்' என்று மிக மலிவாக விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகி, செங்காங்)

பதில்: 'ஆயுள்காலம்' என்றால் உங்கள் ஆயுளும் இல்லை, காரின் ஆயுளும் இல்லை. தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு வரைபடம் வெளியிடும் காலம் வரைதான். பெயர் தெரியாத கருவிகளில் அது முதல் நாளே முடிந்திருக்கும்.

கருவி கைக்கு வந்ததும் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது ஷியர்ஸ் அவென்யூ. எம்சிஇ விரைவுச்சாலை 2013 டிசம்பர் 29இல் திறந்தபோது பழைய இசிபி விரைவுச்சாலையின் ஒரு பகுதி சாதாரணச் சாலையாகி இந்தப் பெயரைப் பெற்றது. அங்கே இன்னும் இசிபி ஓடுவதாக வரைபடம் காட்டினால் அது பத்தாண்டுக்கும் மேல் பழையது. இரண்டாவது தெங்காவில் உள்ள பிளாண்டேஷன் கிரசென்ட். இந்த நகரில் 2023இலிருந்துதான் மக்கள் குடியேறுகிறார்கள். அந்தச் சாலை வரைபடத்தில் இருந்தால் புதுப்பித்தல் நடந்திருக்கிறது. மூன்றாவது உங்கள் வீடு, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை மட்டும் தட்டி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு உள்ள ஊரில் அதை ஏற்காத கருவியால் தினமும் எரிச்சல்தான் மிஞ்சும். மூன்றில் ஒன்று தவறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னாலும் யோசியுங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் அதில் இருப்பது அந்த நாட்டு வரைபடம். தென்கிழக்காசியத் தொகுப்புக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கேபிஇ விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வரைபடம் குழம்பிவிடுகிறது. வெளியேற வேண்டிய இடத்தை இரண்டு தடவை தவறவிட்டேன். கைபேசியில் கோளாறா? (வாசகர், பொங்கோல்)

பதில்: கைபேசி நன்றாகத்தான் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தரைக்கு வரும்போது சமிக்ஞை மிக மெலிந்திருக்கும். மண்ணையும் கான்கிரீட்டையும் அதனால் ஊடுருவ முடியாது. கேபிஇ-யின் 12 கிலோமீட்டரில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் சுரங்கம். எம்சிஇ-யின் 5 கிலோமீட்டரில் 3.5 சுரங்கம்.

சமிக்ஞை அறுந்ததும் செயலி கடைசியாகக் கண்ட வேகத்தை வைத்து, நீங்கள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக ஊகிக்கிறது. சுரங்கத்துக்குள் நெரிசல் இல்லையென்றால் ஊகம் ஓரளவு பலிக்கும். மணிக்கு 70 கிலோமீட்டரில் நுழைந்து உள்ளே 20இல் ஊர்ந்தால், திரையில் உங்கள் கார் உங்களுக்கு வெகுதூரம் முன்னால் போய்விடும். 'வெளியேறுங்கள்' என்ற குரல் வரும்போது அந்த இடமே இன்னும் வந்திருக்காது. நெரிசலுக்காகவே வாங்கிய வசதி, நெரிசலில்தான் அதிகம் தவறுகிறது.

காரோடு வரும் வழிகாட்டிகள் இதைச் சமாளிக்கின்றன. சக்கரம் சுற்றும் வேகமும் திரும்பும் கோணமும் அவற்றுக்குத் தெரியும். செயற்கைக்கோள் இல்லாமலே இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். வெளியே வாங்கும் வழிகாட்டி பிளேயர்களில் நல்லவற்றுக்கும் இந்தத் திறன் உண்டு. ஆனால் காரின் வேக சமிக்ஞைக் கம்பியை அவற்றோடு இணைக்க வேண்டும். பயனியர் பிளேயர்களில் இதற்கென்று இளஞ்சிவப்பு நிறக் கம்பி வருகிறது. அதைக் காரில் சரியான இடத்தில் சேர்க்கக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் பொருத்துபவர்கள் சிலர் மடித்து டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். வெளியே தரைமேல் எல்லாம் சரியாக இருக்கும். சுரங்கத்துக்குள் போனால்தான் குட்டு வெளிப்படும். பிளேயரை உள்ளே தள்ளி மூடும் முன் 'இளஞ்சிவப்புக் கம்பி எங்கே போகிறது, காட்டுங்கள்' என்று கேளுங்கள். பிறகு அமைப்புகளில் சென்சார் நிலையைத் திறந்து வைத்துக்கொண்டு காரை மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். வேகத் துடிப்பின் எண்ணிக்கை ஏற வேண்டும்.

மலிவான ஆண்ட்ராய்டு பிளேயர்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அவற்றோடு வரும் சிறிய சதுர ஆன்டெனாவையாவது ஒழுங்காக வைக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்குள்ளே இரும்புச் சட்டத்துக்கு அடியில் செருகிவிட்டால் ஷென்டன் வேயின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது திணறும். கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் மேற்பரப்பில், காந்தப் பக்கம் கீழாக வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

வேஸ் செயலி சுரங்கத்தில் பொருத்தும் புளூடூத் கருவிகளிலிருந்து இடத்தை அறியக்கூடியது. அவை பொருத்தப்பட்ட சுரங்கத்தில் மட்டுமே அது நடக்கும். கைபேசியில் புளூடூத்தும் அதற்கான அனுமதியும் திறந்திருக்க வேண்டும்.

எதுவும் இல்லாவிட்டால் செய்யக்கூடியது இது: கிளம்பும் முன், கார் நிற்கும்போதே, முழுப் பாதையையும் விரித்துப் பார்த்து, சுரங்கத்துக்குள் உங்கள் வெளியேறும் வழியின் எண்ணையும் அதற்கு முந்திய வழியின் எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிஇ-யின் தென்முனையில் இசிபி ஒரு பக்கமும் எம்சிஇ ஒரு பக்கமும் பிரிகின்றன. அங்கே குரலுக்குக் காத்திராமல் மேலே தொங்கும் பலகையைப் பார்த்துத் தடம் மாறுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. கெப்பல் சாலையில் மேம்பாலத்தில் போகிறீர்களா, அதற்குக் கீழே போகிறீர்களா என்பது கைபேசிக்கு அடிக்கடி குழப்பம். மேலே ஓடும் காரின் வேகம் கீழ்ச்சாலைக்கும் கீழே சிக்னலில் நிற்கும் காரின் வேகம் மேலேயும் ஏறிவிடலாம். அந்த மாதிரி இடங்களில் திரையின் சிவப்பையும் பச்சையையும் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு பாருங்கள்.

கேள்வி: மதியம் ஓட்டும்போது கைபேசி சூடாகித் திரை மங்கிவிடுகிறது. சார்ஜ் போட்டிருந்தும் மின்கலம் இறங்குகிறது. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், கைபேசி அணைந்தால் பிழைப்பு கெடும். (வாசகர், பிடோக்)

பதில்: ஐபோன் இயங்கத் தக்க சூழல் வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊர் மதிய வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். தாண்டியதும் கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். எனவே உறிஞ்சியால் கண்ணாடியில் ஒட்டும் தாங்கியைக் கழற்றிவிட்டு, குளிர்காற்று வரும் துவாரத்தில் மாட்டும் தாங்கிக்கு மாறுங்கள். தடித்த உறையைக் கழற்றுங்கள். கம்பியில்லா சார்ஜ் தாங்கி வேண்டவே வேண்டாம். அது ஏற்றும்போதே சூட்டை உண்டாக்கும்.

மின்கலம் இறங்குவதற்குக் காரணம் வேறு. பழைய கார்களின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டுக்காக வைத்தது. 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டுமே தரும். பெரிய திரை, ஜிபிஎஸ், இணையம் மூன்றும் சேர்ந்து அதைவிட அதிகம் தின்றுவிடும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் 18 வாட்டுக்குக் குறையாத விரைவு அடாப்டரும், அதைத் தாங்கும் தரமான கம்பியும் வாங்குங்கள்.

கண்ணாடியில் வெயில் ஃபிலிம் ஒட்டியிருக்கிறீர்களா? உலோகம் கலந்த ஃபிலிம் செயற்கைக்கோள் சமிக்ஞையையும் தடுக்கும். முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும் என்பது இங்குள்ள விதி. அதற்குள் செராமிக் வகையைத் தேர்ந்தெடுத்தால் வெப்பமும் குறையும், ஜிபிஎஸ்ஸும் பாதிக்காது.

கேள்வி: சாலைக் கட்டணத்துக்கான புதிய இஆர்பி கருவிதான் செயற்கைக்கோளோடு பேசுகிறதே, அதுவே வழி காட்டாதா? (வாசகர், சுவா சூ காங்)

பதில்: காட்டாது. 2023 நவம்பரில் பொருத்தத் தொடங்கிய ஓபியு என்ற அந்தக் கருவி, கட்டணத்தையும் பள்ளி வட்டாரம், சில்வர் ஸோன் (முதியோர் அதிகம் நடமாடும் பகுதி) போன்ற எச்சரிக்கைகளையும் போக்குவரத்துத் தகவலையும் தரும்; திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லாது. டேஷ்போர்டில் இடம் குறைவு என்பவர்கள் அதன் தொடுதிரையைப் பொருத்தாமல் விடலாம் என்று 2024இல் ஆணையம் அனுமதித்தது. வழிகாட்டித் திரை எங்கே வரும் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள்.

வழிகாட்டியில் 'கட்டணச் சாலைகளைத் தவிர்' என்ற அமைப்பைப் போடும் முன் ஒன்றைச் சோதியுங்கள். இஆர்பி கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரு ஞாயிறு காலை, அந்த அமைப்பைப் போட்டுவிட்டு சிடிஇ விரைவுச்சாலை வழியாக நகருக்குள் போகும் பாதையைக் கேளுங்கள். அன்றும் கட்டண நுழைவாயிலைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னால் அதற்கு நேரக் கணக்கு தெரியவில்லை என்று பொருள். அப்படிப்பட்டதில் அந்த அமைப்பை எப்போதும் போட்டு வைத்தால் கட்டணமே இல்லாத நேரத்திலும் வீணாகச் சுற்றுவீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது. தமிழில் வழி சொல்ல வேண்டும், அடுக்குமாடி புளோக்குகளைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: கூகல் மேப்ஸ் தமிழில் பேசும். குரல் மொழியைச் செயலியின் அமைப்புகளில் மாற்றினால் போதும். சாலைப் பெயர்களின் உச்சரிப்பு சில இடங்களில் விநோதமாக இருக்கும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் தடுமாறுவார்.

புளோக்கைத் தேடும்போது வீட்டின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் செயலி அந்தக் கட்டடத்தின் பக்கத்தில் ஏதோ ஒரு சாலையில் கொண்டுபோய் 'வந்துவிட்டீர்கள்' என்று சொல்லிவிடும். கார்பேட்டைக்கு நுழையும் வழி மறுபக்கம் இருக்கலாம். பலமாடிக் கார்பேட்டைகளில் பலவற்றுக்குச் சொந்தமாக புளோக் எண்ணும் அஞ்சல் குறியீடும் உண்டு. அப்பா வழக்கமாகப் போகும் உறவினர் வீடு, மருந்தகம், கோயில் ஆகியவற்றுக்குப் பக்கத்துக் கார்பேட்டையின் குறியீட்டைத் தேடி, தமிழில் பெயரிட்டு நீங்களே சேமித்துக் கொடுங்கள். ஓட்டத் தொடங்கும் முன் பெயரைத் தட்டினால் போதும்.

கேள்வி: ஜோகூருக்குள் போனதும் நெரிசல் தகவல் நின்றுவிடுகிறது. ஏன்? (வாசகர், மார்சிலிங்)

பதில்: ரோமிங் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது திறந்திருந்தும் நின்றால், கடற்பாலத்தை ஒட்டிய பகுதியில் கைபேசி சிங்கப்பூர்க் கட்டமைப்பின் மெலிந்த சமிக்ஞையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரமாக நிறுத்தி, விமானப் பயன்முறையை ஒரு முறை போட்டு எடுத்தால் மலேசியக் கட்டமைப்புக்கு மாறிக்கொள்ளும். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். இணையம் இல்லாமல் வழி காட்டும், நெரிசலை மட்டும் சொல்லாது. தனிக்கருவி வாங்கியதற்குப் பலன் தெரியும் இடம் மலேசிய நெடுஞ்சாலைதான், அதில் மலேசிய வரைபடம் இருந்தால்.

சோதனைச்சாவடி வரிசை எவ்வளவு நீளம் என்பதற்குச் செயலி சொல்லும் நிமிடங்களை நம்பாதீர்கள். மோட்டார்சைக்கிள் தடங்கள் பக்கத்திலேயே வேகமாக நகர்வதால் கணக்கு கலந்துவிட வாய்ப்புண்டு. உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டின் கேமராப் படங்களும் ஒன்மோட்டோரிங் தளத்தில் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து கிளம்பும் முன் இரண்டையும் பார்த்து, எந்தப் பாலம் என்று அங்கேயே முடிவெடுங்கள்.

கேள்வி: தாங்கியில் மாட்டிய கைபேசியைச் சிக்னலில் தொட்டால் குற்றமா? (வாசகர், தோ பாயோ)

பதில்: ஓட்டும்போது கையில் பிடித்துக்கொண்டு பயன்படுத்துவதுதான் அந்தச் சட்டப்பிரிவின்கீழ் குற்றம். 2015 பிப்ரவரியிலிருந்து டேப்லெட் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். முதல் தடவை 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி செய்தால் அது இருமடங்கு. தாங்கியில் இருப்பதைத் தொடுவது இதில் வராது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே போய் இடித்தால் கவனமின்றி ஓட்டியதாக வழக்கு வரும். முகவரியைக் கார்பேட்டையிலேயே தட்டிவிட்டு, குரலை மட்டும் கேட்டு ஓட்டுங்கள். தாங்கியையும் ஸ்டீயரிங்கின் மேல்விளிம்புக்கு உயரே, பாதையை மறைக்கும்படி மாட்ட வேண்டாம்.